ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது, ஓவியர் என்ன செய்வது?

வாசகர் கேள்வி, 3 ஏப்ரல் 2025

போன வாரம் முழுக்க எல்லாரும் குடும்பப் போட்டோவை ஜப்பான் கார்ட்டூன் பாணியில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏஐயிடம் கேட்டால் நொடியில் படம் வந்துவிடுகிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறான். என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்து மெட்ராஸ் ஓவியர்களுக்கு இரண்டே வழிதான் இருந்திருக்கிறது. ஒன்று, சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்காரர்கள் மாதிரி ஊரைவிட்டு ஒதுங்கிக் கடற்கரையில் போய்க் குடியேறுவது. இன்னொன்று, சினிமா பேனர் வரைந்தவர்கள் மாதிரி காலத்தின் பின்னால் ஓடி, காலம் கைவிட்டதும் காணாமல் போவது. மூன்றாவது ஒன்று உண்டா?

ஓவியரின் பதில், 3 ஏப்ரல், இரவு

இரண்டு பேரையும் பற்றி நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. முதலில் சோழமண்டலம்.

1960களின் தொடக்கத்தில் மெட்ராஸில் ஓவியம் விற்றுப் பிழைப்பது என்பது நடக்காத காரியம். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் ஐந்தாறு வருஷம் படித்துவிட்டு வெளியே வந்தால் விளம்பரக் கம்பெனி, டிராயிங் மாஸ்டர் வேலை, இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்போது கல்லூரி முதல்வராக இருந்தவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். அவரே குடும்பத்துக்காகத் தந்தி அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் ஏஜென்டாகவும் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில்தான் கலைப் பள்ளிக்குள் வந்தவர். திறமை இருக்கிற பிள்ளைகள் சோற்றுக்காகத் தூரிகையைக் கீழே வைப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரும் மாணவர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை என்று செய்து விற்றார்கள். அந்தக் காசில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் மணல் வெளியை வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம்.

இதை ஒதுங்குதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாடகை கட்ட முடியாதவர்கள் சொந்த இடம் தேடிப் போனார்கள். மெழுகையும் சாயத்தையும் வைத்துத் துணி வேலை செய்து மாதச் செலவைச் சமாளித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஓவியத்தை வரைந்தார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தத் தலைமுறை செய்த பெரிய காரியம் இந்த ஏற்பாடுதான். பாணியெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

4 ஏப்ரல்

பேனர்க்காரர்கள். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சூடாகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாணவனாக இருந்தபோது இரவு நேரத்தில் ஒரு பேனர் பட்டறையில் வேலை செய்தேன். காடாத் துணியை மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, வெள்ளைப் பூச்சு கொடுத்துக் காயவிடுவோம். சினிமாக் கம்பெனி கொடுத்த ஸ்டில் போட்டோவில் பென்சிலால் சின்னக் கட்டம், துணியில் கரித்துண்டால் பெரிய கட்டம். எங்களைப் போன்ற பையன்கள் சட்டை, வானம், தீப்பிழம்பு எல்லாம் அடிப்போம். எழுத்துக்குத் தனி ஆள். முகத்தை மாஸ்டர் மட்டும்தான் தொடுவார்.

அவர் கன்னத்தில் வைக்கிற நிறம் கிட்டத்திலிருந்து பார்த்தால் கலங்கிப் போகும். மூக்கு ஓரத்தில் பச்சை, தாடைக்குக் கீழே நீலம், கன்ன எலும்பில் ரத்தமாகச் சிவப்பு. ஒவ்வொரு இழுப்பும் உள்ளங்கை அகலம், ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது. பட்டறைக்குள் நின்றால் முகமே தெரியாது, வெறும் திட்டுகள். மறுநாள் மவுண்ட் ரோடில் எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் நின்று அண்ணாந்தால் நடிகர் உயிரோடு நம்மைப் பார்ப்பார். அந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு, துணியிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றபடி வரைந்திருக்கிறார் மனிதர். கல்லூரியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. எங்கிருந்து பார்ப்பார்கள், எவ்வளவு வேகத்தில் கடந்து போவார்கள் என்று யோசித்துவிட்டுத் தூரிகையை எடுக்கும் பழக்கம் எனக்கு வந்தது அந்தப் பட்டறையில்தான்.

2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. அச்சு மெஷின் சில மணி நேரத்தில் துப்பிவிடும், மழையில் சாயம் இறங்காது, விலையும் குறைவு. ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே சீசனில் மாறிவிட்டார்கள். இதில் மாஸ்டர் எங்கே காலத்தின் பின்னால் ஓடினார்? அவர் இருந்த இடத்திலேயேதான் இருந்தார். வேலை கொடுத்தவன் எழுந்து போய்விட்டான். சோழமண்டலத்துக்காரர்கள் சம்பாதிக்கிற வேலையையும் சொந்த ஓவியத்தையும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். மாஸ்டருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது, அதனால் ஒன்று போனபோது இரண்டும் போனது. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

4 ஏப்ரல், கொஞ்ச நேரம் கழித்து

ஒரு தகவல் சேர்க்க வேண்டும். ஓவியர் எம்.எஃப். ஹுசேன் 1930களில் பம்பாயில் சினிமா ஹோர்டிங் வரைந்து சாப்பிட்டவர். அவர் கோட்டில் உள்ள அந்தத் தைரியத்துக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தம் உண்டு என்றே நினைக்கிறேன். பேனர் வேலையைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

6 ஏப்ரல்

"அப்படியானால் உங்கள் கொள்கை என்ன? பகலில் குமாஸ்தா, ராத்திரி ஓவியரா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

குமாஸ்தா வேலையும் செய்யலாம், பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் சம்பாதிக்கிற வேலையும் கைவேலையாக இருந்தால் நல்லது என்பது என் கட்சி. ஓவியர் கே.எம். ஆதிமூலத்தைப் பாருங்கள். ஊர் துறையூர்ப் பக்கம் கீராம்பூர். நெசவாளர் சேவை மையத்தில் துணி வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 வாக்கில் அவர் போட்ட கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சிறுபத்திரிகைகளுக்கு அட்டை, எழுத்தாளர் கி.ரா.வின் எழுத்துக்குக் கோட்டோவியம், புத்தகத் தலைப்புக்கு எழுத்து என்று அவர் கை எங்கெல்லாமோ போயிற்று. கடைசிக் காலத்தில் எண்ணெய் வண்ணத்தில் உருவமே இல்லாத நிலப்பரப்புகள். ஓவியர் ரெட்டப்ப நாயுடுவும் அதே நெசவாளர் மையத்தில் இருந்தவர். நாள் முழுக்க நூலையும் சாயத்தையும் பார்க்கிற கண், மாலையில் கேன்வாஸ் முன்னால் வந்து நிற்கும்போது தூங்கிப்போயிருக்காது.

நான் கடைப் பலகை எழுதினேன். ஃப்ளெக்ஸ் அதையும் எடுத்துக்கொண்ட பிறகு, சேலைக்கு ஸ்கிரீன் பிரின்ட் டிசைன் போட்டுத் தருகிறேன். இன்றும் என் வீட்டு வாடகை அதிலிருந்துதான்.

இது வசதிக்காகச் சொல்வதில்லை. சில வருஷம் முன்னால் ஒரு நிறுவனம் வரவேற்பறையில் மாட்ட எண்ணூர்ப் படம் ஒன்று கேட்டது. வரைந்து கொண்டு போனேன். படகு பிடித்தது, தண்ணீர் பிடித்தது. பின்னால் இருக்கிற அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே இரண்டு தென்னை மரம் வைத்துவிட முடியுமா என்றார்கள். படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மாதம் சேலை டிசைன் காசு கையில் இருந்ததால் வர முடிந்தது. இல்லாமல் இருந்திருந்தால்? வீட்டில் குழந்தைக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய மாதமாக இருந்திருந்தால்? தென்னை மரம் வைத்த ஓவியரை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஓவியம் யாருக்கும் கடன்பட்டிருக்கக் கூடாது. என் கொள்கை என்று கேட்டால் முதலில் இதைச் சொல்வேன்.

7 ஏப்ரல்

நேற்று எழுதிய கடைசி வரி ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது. காசு கொடுக்கிறவருக்குக் கடன்படக் கூடாது, அது சரி. ஆனால் வரையப்படுகிற ஆளுக்கு? அந்த இடத்துக்கு? அங்கே ஒரு கடன் இருக்கத்தான் செய்கிறது. எண்ணூரில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் வடசென்னைக்காரன். எண்ணூர்க் கழிமுகத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். காட்டுக்குப்பத்துப் பக்கம் உட்கார்ந்து வரைவது எனக்கு வழக்கம். கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிற இடம். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடித்துக் கழுத்தில் தொங்கும் பறிக் கூடையில் போடுகிறவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் வந்து சேர்ந்து ஆழம் குறைந்துகொண்டே வந்ததை மீனவர்கள் பல வருஷமாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்பே என் பழைய ஸ்கெட்ச் புத்தகங்களில் அது இருந்தது. முன்பு மார்பளவு தண்ணீரில் நின்றவர்களை அதே இடத்தில் முழங்காலளவில் வரைந்திருக்கிறேன். வரையும்போது எனக்கு அது உறைக்கவில்லை. கை பார்த்ததை எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தது. மீனவர்கள் பக்கெட்டும் மக்கும் வைத்து எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். கூழைக்கடாக்கள் வயிறு கறுத்து நின்றன. போனேன். முதலில் வரைய மனமில்லை, உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கரையேற்றி வைத்திருந்த ஒரு ஃபைபர் படகின் பக்கத்தை மட்டும் வரைய ஆரம்பித்தேன்.

எண்ணெய்க் கறைதானே, கறுப்பு வண்ணத்தை எடுத்தேன். தாளில் வைத்ததும் அது கறையாக இல்லை, படகில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. மறுபடி பார்த்தேன். கறுப்பே இல்லை அங்கே. பச்சை ஃபைபர் மேல் கெட்டியாகப் படிந்த இடம் ஆழ்ந்த காப்பி நிறம். வெயில் சாய்வாகப் படுகிற விளிம்பில் ஊதா. மேலே தெறித்துக் காய்ந்த புள்ளிகள் துருப்பிடித்த மஞ்சள். பர்ன்ட் அம்பர் பழுப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்து, சில இடத்தில் அம்பர் அதிகம், சில இடத்தில் நீலம் அதிகம் என்று வைத்தபோதுதான் அது படகின் மேல் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ண கோடு இப்டி ஒத்த கோடா நேரா நிக்காதுண்ணே. தண்ணி ஏறி எறங்கச் சொல்லோ மூணு நாலு கோடா நிக்கும், நல்லா பாரு" என்றார். படகைப் பார்த்தேன். ஒவ்வொரு ஓதத்துக்கும் ஒரு கோடு, மேலிருந்து கீழே மங்கலாக வரிசையாக இருந்தது. எண்ணெய் எத்தனை முறை வந்து போயிருக்கிறது என்று அந்தப் படகே கணக்கு வைத்திருந்தது.

அந்தத் தம்பிக்குத்தான் நான் கடன்பட்டவன். கோட்டைச் சரியாகப் போட்டே ஆக வேண்டிய கடன்.

7 ஏப்ரல், இரவு

அதனால்தான் நொடியில் வரும் படங்களைப் பார்த்து எனக்குப் பெரிய பதற்றம் இல்லை. எண்ணெய் படிந்த படகு என்று கேட்டால் மெஷின் ஒரு படம் கொடுக்கும், அழகாகவே இருக்கும். அந்த மூன்று நாலு கோடு அதற்கு எப்படித் தெரியும்? படம் வேண்டும் என்பவருக்கு மெஷின் போதும், எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு வரைகிற வேலை வேண்டும். அது இல்லாமல் எனக்குப் பார்க்கத் தெரியாது.

பிழைப்பு போகிறவர்களைப் பற்றி மட்டும் எனக்குப் பதற்றம் உண்டு. பத்திரிகைக்கும் பாடப் புத்தகத்துக்கும் படம் போட்டு வாழ்கிறவர்கள் பேனர் மாஸ்டர் நின்ற அதே இடத்தில் இன்று நிற்கிறார்கள். அவர்களிடம் போய் "பார்ப்பதுதான் முக்கியம்" என்று சொல்வது அநியாயம்.

9 ஏப்ரல்

கண்ணகி நகர் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 2020 முதல் அங்கே குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள். "ஓவியம் மக்களிடம் போவது இதுதானே?"

எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கண்ணகி நகர் என்பது 2000இலிருந்து சென்னைக்குள் ஆற்றோரத்திலும் சாலையோரத்திலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம். வேலையும் பள்ளியும் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம் என்று ஆனவர்கள். அவர்கள் சுவரில் மூன்று மாடி உயரத்துக்குச் சிரிக்கிற முகம் வரைந்தால், அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்களுக்கு ஒரு நல்ல போட்டோ கிடைக்கிறது.

9 ஏப்ரல், மதியம்

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: "முன்னாடி கண்ணகி நகர்னு சொன்னா ஆட்டோக்காரர் வரவே மாட்டார். இப்ப படம் போட்ட தெருவான்னு கேட்டுட்டு வர்றாரு." இதற்கு என்னிடம் பதில் இல்லை. வெயிலில் கிரேன் மேல் நின்று வரைந்த பிள்ளைகள் ஒரு தெருவின் பெயர் மேலிருந்த அழுக்கைக் கொஞ்சம் துடைத்திருக்கிறார்கள். அவர்களை அந்தச் சுவரில் வரைய வைத்த காரணம் பற்றி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. அந்த அக்கா சொன்னதும் உண்மை.

12 ஏப்ரல்

பணிக்கரின் எழுத்தும் குறியும் கலந்த ஓவியங்கள் பற்றி ஒருவர்: "ஜாதகக் கட்டம், படிக்க முடியாத மலையாள எழுத்து. இது சமூகத்துக்கு என்ன சொல்கிறது?"

1963 வாக்கில் பணிக்கர் அதைத் தொடங்கினார். அதற்கு முன் ஐரோப்பா போய்ப் பார்த்தவர், நீர்வண்ணத்தில் கேரளத் தோப்புகளை வரைந்து பேர் வாங்கியவர். ஐம்பது வயதைத் தாண்டி, கைக்கு நன்றாக வருகிற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, வீட்டுப் பரணில் கிடக்கிற ஜாதகத்தையும் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டார். நவீனமாக இருக்க நான் பாரிஸைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு மனிதர் முடிவெடுக்கிறார். எனக்கு அந்த முடிவு மிகவும் பிடிக்கும்.

அதற்குப் பின் நடந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. மந்திர யந்திரக் கட்டம், நாகம், முக்கோணம் என்று அது ஒரு வாய்பாடாகி, வெளிநாட்டுக்காரர் பார்த்ததும் "இந்தியா" என்று அடையாளம் காண்கிற மாதிரி நிறைய பேர் வரைய ஆரம்பித்தார்கள். தேடல் ஒருவருக்கு நடந்தது, மற்றவர்களுக்கு அச்சு கிடைத்தது.

13 ஏப்ரல்

வாசகி ஒருவர் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. "பகலில் ஒரு வேலை, மாலையில் பாத்திக், இரவில் ஓவியம் என்கிறீர்களே. அந்த வீட்டில் சமைத்தது யார், பிள்ளையைப் பார்த்துக்கொண்டது யார்?"

நியாயமான கேள்வி. சோழமண்டலத்தில் அர்னவாஸ், அனிலா ஜேக்கப் போன்ற பெண்கள் இருந்தார்கள், ஆனால் பேசும்போது ஆண்கள் பெயர்தான் வரிசையாக வரும். மெட்ராஸில் படித்த ஓவியர் டி.கே. பத்மினி 1969இல், 30 வயதுகூட ஆகாமல், பிரசவத்தில் இறந்துபோனார். அவர் வரைந்த பெண் உருவங்களில் இருக்கிற அந்தத் தனிமை வேறு யாரிடமும் இல்லை. இன்னும் முப்பது வருஷம் வரைந்திருந்தால் நாம் மெட்ராஸ் ஓவிய இயக்கத்தின் வரலாற்றையே வேறு மாதிரி எழுதியிருப்போம். என் வீட்டிலும் நான் எண்ணூரில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் என் மனைவியின் நேரம்தான். யாருக்குக் கடன் என்று 7ஆம் தேதி எழுதிய பட்டியலில் அவர் முதலில் வர வேண்டும்.

16 ஏப்ரல்

உழைப்பாளர் சிலை பற்றி ஒரு வரி, யாரோ கேட்டதால். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் மெரினாவில் வைத்தார்கள். அதற்கு நின்று கொடுத்த மாடல்களில் ஒருவர் எழும்பூர்க் கலைக் கல்லூரியின் காவலாளி. தினமும் வாசலில் பார்த்த ஆள். மாடலைத் தேடி எங்கும் போகவில்லை.

18 ஏப்ரல்

பையன் விஷயம். முதல் கேள்வி அதுதான், நான் எங்கெங்கோ போய்விட்டேன்.

சேரட்டும். எழும்பூர்க் கல்லூரி 1850இலிருந்து இருக்கிறது, அங்கே இவனைப் போன்ற நாற்பது பேரோடு ஒரே பொருளைச் சுற்றி உட்கார்ந்து வரைகிற வாய்ப்பு வேறெங்கும் குறைந்த செலவில் கிடைக்காது. கம்ப்யூட்டரில் வரையவும் கற்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூடவே கையால் சோறு போடுகிற ஒரு தொழில்: ஸ்கிரீன் பிரின்ட், பிளாக், மரவேலை, வெல்டிங், எதுவானாலும் சரி. அப்பா அம்மாவிடம் இதைச் சேர்த்துச் சொல்லுங்கள், பாதி எதிர்ப்பு குறைந்துவிடும்.

கல்லூரிச் சேர்க்கைக்கான செய்முறைத் தேர்வுக்கு வீட்டில் உட்கார்ந்து போனில் இருக்கும் படத்தைப் பார்த்து வரைய வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போகட்டும், மீன் மார்க்கெட்டுக்குப் போகட்டும். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், முடிக்கவே முடியாது. முடியாததையே நிறைய வரையட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காட்டுக்குப்பத்தில்தான் இருப்பேன். அனுப்பிவையுங்கள். வெயில் ஏறும் முன்னால் வந்துவிட வேண்டும், தண்ணீர் பாட்டில் கொண்டு வரச் சொல்லுங்கள். வண்ணம் என்னிடம் இருக்கிறது. யாரையாவது வரைந்தால் அவரிடம் காட்டாமல் கிளம்பக் கூடாது என்று மட்டும் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.